தொட்டால் சுடும்

துப்பாக்கியின் வரலாற்றை எழுதியவர்கள் குழாயைப் பற்றி எழுதினார்கள், வெடிமருந்தைப் பற்றி எழுதினார்கள், குண்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். துப்பாக்கியிலேயே ஆக மோசமாக வேலை செய்யும் உறுப்பைப் பற்றி மட்டும் மரியாதை கருதிப் பேசாமல் விட்டார்கள். அது சுடுகிறவரின் ஆள்காட்டி விரல்.

கணக்கைப் பாருங்கள். வாய்வழியாக மருந்தும் குண்டும் இடித்து நிரப்பும் பழைய ரைபிள் எட்டு, பத்து பவுண்டு எடை இருக்கும். அதன் விசையை இழுக்க நாலைந்து பவுண்டு பலம் வேண்டும். வேட்டைக்காரர் இந்த இரும்பையும் மரத்தையும் தோளில் முட்டுக்கொடுத்து, ஒரு கண்ணை மூடி, மூச்சை அடக்கி, நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கும் மானின் விலாவில் குறியை நிறுத்துவார். எல்லாம் கூடிவந்த நொடியில், நிறுத்திவைத்த அதே பொருளை நாலைந்து பவுண்டு பலத்தோடு வெடுக்கென்று இழுப்பார். மான் தீர்க்காயுசாக இருப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

இதோடு தொல்லை முடியவில்லை. விசையை இழுத்ததும் சிக்கிமுக்கிக் கல் எஃகில் உரசி, பொறி பறந்து, கிண்ணத்து மருந்து மூக்குக்கு முன்னால் 'புஸ்' என்று பற்றி, அந்தத் தீ சிறு துளை வழியே உள்ளே போய்த்தான் குண்டு கிளம்பும். அந்தக் கண் இமைக்கும் நேரத்தில் மனிதன் நிஜமாகவே கண்ணை இமைத்துவிடுவான்.

ஆக, விரலைத் திருத்துவதா, விசையைத் திருத்துவதா? விரல் ஆண்டவன் செய்தது. அதில் கைவைக்க யாருக்கும் துணிவில்லை. விசையில் கைவைத்தார்கள்.

கஞ்சிப் பானையும் பந்தயமும்

முதலில் கைவைத்தவர்கள் ஜெர்மன் பேசும் நாடுகளின் போட்டிக்காரர்கள். 16ஆம் நூற்றாண்டில் அங்கே சுடும் போட்டி என்றால் ஊர்த் திருவிழா. பரிசு உண்டு, விருந்து உண்டு, பக்கத்து ஊர்க்காரனைத் தலைகுனிய வைக்கும் புண்ணியமும் உண்டு.

அவர்கள் எவ்வளவு தீவிரமானவர்கள் என்பதற்கு ஒரு பானை சாட்சி. 1576இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரம் பெரிய போட்டி ஒன்று வைத்தது. ஆபத்து என்றால் எவ்வளவு சீக்கிரம் உதவிக்கு ஓடிவருவோம் என்று காட்ட விரும்பிய சூரிச் நகரத்தார், பெரிய வெண்கலப் பானையில் பனிவரகுக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிப் படகில் ஏற்றினார்கள். லிம்மாத், ஆரே, ரைன் என்று மூன்று ஆறுகளில் துடுப்புப் போட்டு, ஒரே நாளில் ஸ்ட்ராஸ்பர்க்கில் இறங்கினார்கள். கஞ்சி அப்போதும் சூடு ஆறவில்லை. நட்பு நாடுகளுக்கிடையே எத்தனையோ ஒப்பந்தங்கள் ஆறிப்போயிருக்கின்றன. இந்தக் கஞ்சி ஆறவில்லை என்று இன்றுவரை பேசுகிறார்கள்.

இப்படிப்பட்டவர்கள் நேர்மையாக மட்டுமே ஜெயிக்கப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. குண்டு சுழன்று நேராகப் போகட்டும் என்று யாரோ குழாயின் உள்சுவரில் முறுக்குக் காடி வெட்டினார்கள். வழவழப்பான குழாய் வைத்திருந்தவர்கள் ஓலமிட்டார்கள். 1563இல் பெர்ன் நகர ஆட்சி தலையிட்டு, பொதுப் போட்டிக்குக் காடி வெட்டிய துப்பாக்கியைக் கொண்டுவந்தால் அபராதம் என்று அறிவித்தது. காடிக்காரர்கள் காடிக்காரர்களோடு மோதிக்கொள்ளலாம், ஆட்சேபனை இல்லை. விளையாட்டில் தொழில்நுட்பம் புகுந்துவிட்டதே என்ற புலம்பல் நேற்று முளைத்தது என்று நினைக்கிறவர்கள் பெர்னுக்குப் போய் விசாரிக்கலாம்.

விசையைத் திருத்தும் யோசனை குறுக்குவில்லிலிருந்து வந்தது. இழுத்துக் கட்டிய எஃகு வில் பல நூறு பவுண்டு பலத்தோடு திமிறிக்கொண்டு நிற்கும். அதை விடுவிக்க அடியில் உள்ள நீண்ட நெம்புகோலை மொத்தக் கையாலும் அமுக்க வேண்டும். போட்டிக்காரர்களுக்கு இது ஆகவில்லை. வில்லின் வயிற்றுக்குள் நெம்புக்கு மேல் நெம்பு வைத்து, ஒவ்வொன்றும் அடுத்ததன் சுமையைக் குறைக்கும்படி பூட்டு செய்தார்கள். கடைசி நெம்புக்கு ஒரு தொடுகை போதும். பிறகு அதே புத்தி துப்பாக்கிக்குத் தாவியது. அதுதான் செட் ட்ரிகர்.

இரண்டு விசை, ஒரு விரல்

செட் ட்ரிகர் வைத்த ரைபிளை முதன்முறை பார்க்கிறவர்கள், இரண்டு விசை இருப்பதால் இரண்டு குழாய் எங்கே என்று தேடுவார்கள். குழாய் ஒன்றுதான்.

துப்பாக்கியின் பக்கவாட்டில் கல்லைக் கவ்வியபடி நிற்பது குதிரை. அதோடு உள்ளே இணைந்திருக்கிறது டம்ளர் என்கிற வட்டத் துண்டு (இதில் காபி குடிக்க முடியாது). டம்ளரில் இரண்டு காடிகள். குதிரையைப் பாதி இழுத்தால் அரைக்காடி, முழுக்க இழுத்தால் முழுக்காடி. காடியில் மூக்கை நுழைத்துப் பிடித்துக்கொள்ளும் நெம்புக்கு சியர் என்று பெயர். விசை அந்த சியரைத் தூக்கினால் மூக்கு கழலும், குதிரை பாயும்.

விசையை லேசாக்க ஒரு குறுக்குவழி உண்டு. காடியின் ஆழத்தை அரத்தால் ராவிக் குறைத்துவிடலாம். சியர் நுனியில் மட்டும் தொத்திக்கொண்டு நிற்கும், சுண்டினால் கழலும். அதோடு, துப்பாக்கியைத் தரையில் ஊன்றினாலும் கழலும், குதிரை மேல் ஏறினாலும் கழலும், பக்கத்தில் நிற்கிறவர் தும்மினாலும் கழலும். இந்தக் குறுக்குவழியைக் கண்டுபிடித்தவர்களில் பலர் அதை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க இருந்திருக்க மாட்டார்கள்.

ஜெர்மானியர்கள் வேலையைப் பங்குபிரித்தார்கள். குதிரையைப் பிடித்துவைக்கும் பொறுப்பு பூட்டுக்கு. காடி ஆழமாகவே இருக்கட்டும். விரலுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு விசைக்கு. நடுவில் ஓர் எலிப்பொறியை வைத்தார்கள். பின் விசையை இழுத்தால் அதன் பட்டைச் சுருள் இறுகி, 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு முன் விசையின் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். இதற்கு மேல் முன் விசையைத் தொட்டாலே போதும். சில அவுன்ஸ் பலம். கொக்கி நழுவும், பின் விசையின் உள்கை மேலே எகிறி சியரை ஒரே உதையில் தூக்கிவிடும். நாலைந்து பவுண்டு வேலையைச் சுருள் செய்கிறது. விரல் அனுமதிக் கையெழுத்து மட்டும் போடுகிறது. தலைமைச் செயலகம் முழுக்க இந்தத் தத்துவத்தில்தான் ஓடுகிறது.

இதில் ஒரு பொல்லாத சிக்கல். சாதாரண விசையில் விரல் சியரைத் தூக்கியபடியே பிடித்திருக்கும். எலிப்பொறி உதையோ ஒரு கணம்தான். சியர் துள்ளி எழுந்து உடனே விழும். முழுக்காடியிலிருந்து கழன்ற டம்ளர் சுழன்று வரும் வழியில் அரைக்காடி வாயைத் திறந்து காத்திருக்கிறது. சியரின் மூக்கு அதில் போய் அடித்தால் குதிரை பாதி வழியில் நின்றுவிடும், மூக்கும் உடையும். மான் நிதானமாகத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும்.

இதற்குத் தீர்வாக டம்ளரில் அரைக்காடியை ஒட்டி ஒரு துளி இரும்பைத் தொங்கவிட்டார்கள். குதிரை பாயும்போது இது அரைக்காடியின் வாயை மறைத்து சியரைத் தாண்டிப் போக வைக்கும். குதிரையை மெதுவாக இழுக்கும்போது ஒதுங்கி வழிவிடும். ஆங்கிலம் பேசும் துப்பாக்கி ஆசாரிகள் இதை 'ஈ' என்பார்கள். அளவும் அதுதான். துடைக்கும்போது கீழே விழுந்தால் பட்டறைத் தரையெல்லாம் கைவிளக்கோடு தவழ வேண்டும். செட் ட்ரிகரின் மொத்த கௌரவமும் இந்த ஈயின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது.

தளபதிக்குக் குறி எதற்கு?

இவ்வளவு நுட்பமான கருவியை ராணுவங்கள் ஓடிவந்து வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. 18ஆம் நூற்றாண்டுத் தளபதிகளுக்குச் சிப்பாய் குறி பார்ப்பதில் பெரிய அக்கறை இல்லை. பிரிட்டிஷ் காலாட்படைப் பயிற்சியில் தயாராகு, நீட்டு, சுடு என்றுதான் கட்டளை. குறி பார் என்று ஒரு கட்டளை நடுவில் கிடையாது. எதிரி தோளோடு தோள் சேர்த்து வரிசையாக நிற்கிறான், நீயும் அப்படியே நில், நிமிடத்துக்கு மூன்று முறை சுடு, மிச்சத்தைக் கடவுள் பார்த்துக்கொள்வார். அந்தச் சிப்பாயின் கையில் தொட்டால் வெடிக்கும் விசையைக் கொடுத்தால் முன்வரிசை முதுகுகளுக்குத்தான் ஆபத்து.

விதிவிலக்கு, ஜெர்மன் சிற்றரசர்களின் யேகர் படை. காட்டுக் காவலர்களையும் வேட்டைக்காரர்களையும் பொறுக்கியெடுத்து, வேட்டை ரைபிளோடு போருக்கு அனுப்பினார்கள். குட்டையான, பெரிய வாயுள்ள ரைபிள். பலவற்றில் இரட்டை விசை. அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரிட்டன் இவர்களைக் கூலிக்கு அமர்த்தியது. எதிர்ப்பக்கம் பென்சில்வேனியாவிலிருந்து நெட்டை ரைபிளோடு வந்த உழவர்கள். அந்த ரைபிள்களைச் செய்தவர்கள் யார்? லான்காஸ்டர், ரெடிங் பக்கம் குடியேறியிருந்த ஜெர்மன், சுவிஸ் ஆசாரிகளும் அவர்கள் வாரிசுகளும். இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த சண்டையில் ஒழுங்காகக் குறிபார்த்துச் சுட்டுக்கொண்டது பெரும்பாலும் ஜெர்மன் பட்டறைச் சரக்கு.

சகலை கொடுத்த துப்பாக்கி

செட் ட்ரிகரை உலகப் புகழ் ஆக்கியது ஒரு குடும்ப விவகாரம்.

கனவான்கள் ஒருவரையொருவர் மரியாதையாகக் கொன்றுகொள்வதற்காக லண்டனில் வொக்டன், பார்ட்டன் என்ற கூட்டாளிகள் ஜோடி ஜோடியாகக் கைத்துப்பாக்கி செய்து விற்றார்கள். அதில் ஒரு ஜோடி ஜான் பார்க்கர் சர்ச் என்ற செல்வந்தரிடம் இருந்தது. அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனுக்கு இவர் சகலை. ஹாமில்டன் மனைவியின் அக்காள் கணவர். சகலைகள் சாதாரணமாக ஜாமீன் கையெழுத்துப் போடுவார்கள். சர்ச் துப்பாக்கி இரவல் கொடுத்தார்.

1801இல் ஹாமில்டனின் மூத்த மகன் பிலிப், 19 வயது, பெரியப்பா வீட்டுத் துப்பாக்கியை எடுத்துப் போய் ஒற்றைக்கொற்றைச் சண்டையில் செத்தான். வேறு குடும்பமாக இருந்தால் அந்தப் பெட்டியை ஹட்சன் ஆற்றில் போட்டிருப்பார்கள். இவர்கள் துடைத்து எடுத்துவைத்தார்கள். 1804 ஜூலை 11 அன்று, நாட்டின் துணை அதிபராகப் பதவியில் இருந்த ஆரன் பர்ரோடு மோத ஹாமில்டன் அதே பெட்டியோடு ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சியின் வீஹாக்கனுக்குப் போனார். பர்ருக்கும் இந்தக் குடும்பம் புதிதல்ல. 1799இல் சர்ச்சோடு ஒருமுறை மோதி, கோட்டில் ஓட்டையோடு வீடு திரும்பியவர்.

இந்தத் துப்பாக்கியில் இரண்டாவது விசை கிடையாது. ஒரே விசையை நகத்தளவு முன்னால் தள்ளினால் உள்ளே பொறி மாட்டிக்கொள்ளும். பிறகு சுமார் அரை பவுண்டு போதும். தெரியாதவர் கண்ணுக்கு அது சாதாரணத் துப்பாக்கி. ஹாமில்டனின் சாட்சியாளர் நத்தேனியல் பெண்டில்டன் அதைக் கையில் கொடுக்கும்போது, மயிரிழை விசையைப் பூட்டி வைக்கட்டுமா என்று கேட்டார். இந்த முறை வேண்டாம் என்றார் ஹாமில்டன். முதல் குண்டை வீணாக்கிவிடப் போவதாகவும் முன்னமே எழுதி வைத்திருந்தார். அப்படி எழுதியவர், களத்தில் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டி, துப்பாக்கியை நீட்டி வெளிச்சம் சரிபார்த்தார். வீணாகப் போகும் குண்டுக்கு இவ்வளவு துல்லியம் தேவையா என்று பர் யோசித்திருக்கலாம்.

இரண்டு வெடி. ஹாமில்டன் இடுப்புக்கு மேலே குண்டு வாங்கி மறுநாள் இறந்தார். அவருடைய குண்டு உயரே இருந்த சீடர் மரத்தின் கிளையில் பட்டிருந்தது. பெண்டில்டன் பிற்பாடு அங்கே போய், அந்தக் கிளையை வெட்டி ஊருக்கே கொண்டுவந்தார். என் ஆள் மரத்தைத்தான் சுட்டார் என்பதற்கு மரமே சாட்சி.

170 வருடம் கழித்து வேடிக்கை. 1976இல் அமெரிக்கச் சுதந்திரத்தின் இருநூறாம் ஆண்டுக்கு இந்த ஜோடியின் நகல்களைச் செய்யப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே மறைந்திருந்த பொறி 'கண்டுபிடிக்கப்பட்டது'. ஹாமில்டன் கள்ளத்தனமாக அதைப் பூட்டிவைத்திருந்தார், குறி இறங்குவதற்குள் விரல் பட்டு மரத்தில் வெடித்துவிட்டது என்று புதுக் கதை கிளம்பியது. பெண்டில்டன் 1804லேயே இந்தப் பொறியைப் பற்றி அறிக்கை கொடுத்து, அது அச்சிலும் வந்திருந்தது. ஒரு ரகசியத்தைப் பத்திரமாகப் பாதுகாக்க வேண்டுமென்றால் அதை அச்சிட்டு விடுவதே உத்தமம்.

உண்மையில் இந்த வழக்கு தீராது. விசை அரை பவுண்டில் இயங்கும் நாளிலிருந்து, சுட்டது மனிதனா, விரல் நடுக்கமா, விசையா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஹாமில்டன் பெருந்தன்மையாக மரத்தைச் சுட்டார் என்பவர்களும், அவசரத்தில் மரத்தைச் சுட்டார் என்பவர்களும் அதே கிளையைத்தான் காட்டுகிறார்கள்.

துப்பாக்கிகள் எங்கே போயின? நியூயார்க்குக்குத் தண்ணீர் தருகிறேன் என்று 1799இல் பர் ஆரம்பித்த மன்ஹாட்டன் கம்பெனி, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துவிட்டு வங்கியாக மாறியது. அந்த வங்கி 1930இல் இந்த ஜோடியை வாங்கிக்கொண்டது. இன்று ஜேபி மார்கன் சேஸ் வசம் இருக்கிறது. சுட்டவரின் வங்கி, செத்தவரின் சகலை துப்பாக்கியைப் பத்திரமாக வைத்துப் போற்றுகிறது.

செயின்ட் லூயிஸ் பட்டறை

அமெரிக்கா மேற்கே நகர்ந்தபோது செட் ட்ரிகரும் கூடவே போனது. மேரிலாண்டின் ஜெர்மன் வம்சத்து ஆசாரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஜேக்கப் ஹாக்கென், சாமுவேல் ஹாக்கென் என்ற அண்ணன் தம்பி மிசௌரியின் செயின்ட் லூயிஸில் கடை போட்டார்கள். சாமுவேல் 1822இல் அங்கே வந்து, பிறகு அண்ணனோடு சேர்ந்தார். மலைக்குப் போய் பீவர் என்ற கொறிவிலங்கின் தோல் எடுக்கிறவர்களுக்குக் கனத்த குழாயும் பாதிக் குழாய் வரை மட்டும் வரும் மரக்கட்டையும் இரட்டை விசையும் உள்ள ரைபிள் செய்து கொடுத்தார்கள்.

இரட்டை விசையிலும் இரண்டு சாதி உண்டு. ஒன்றில், பின் விசையைப் பூட்டினால்தான் குதிரை நிற்கவே நிற்கும். பூட்டாவிட்டால் உள்கை சியரைத் தூக்கியபடியே இருக்கும். அதாவது குதிரையை இழுத்து வைத்துக் காட்டில் அலைகிற நேரமெல்லாம் எலிப்பொறி தயாராக இருக்கும். போட்டித் திடலுக்கு இது சரி. கரடி துரத்தும்போது சரிப்படாது. மலைக்காரர்கள் விரும்பியது இன்னொரு சாதி. அதில் முன் விசைக்கும் சியரைத் தொடும் கை உண்டு. நேரம் இருந்தால் பின் விசையை 'டிக்' என்று பூட்டி, மூச்சை அடக்கி மயிரிழையில் சுடலாம். கரடி வந்துவிட்டால் முன் விசையை மட்டும் பலங்கொண்டு இழுத்துச் சுடலாம். அந்த நிலைமையில் விரலுக்கு நாலைந்து பவுண்டு பலம் தானாக வந்துவிடும்.

இதைக் கட்டையில் பொருத்துவது பொறுமைசாலிகளின் தொழில். விசைகள் இரண்டும் ஒரு நீண்ட இரும்புத் தகட்டில் உட்கார்ந்திருக்கும். தகட்டின் அடியில் விளக்குக் கரியைப் பூசி மரத்தில் அழுத்தி எடுப்பார் ஆசாரி. கரி ஒட்டிய இடம் மேடு. அங்கே மட்டும் உளியால் ஒரு சீவல். மறுபடி கரி, மறுபடி அழுத்தல், மறுபடி சீவல். ஒரு சீவல் அதிகமானால் உள்கை சியரை முட்டிக்கொண்டு நிற்கும், குதிரை எந்தக் காடியிலும் தங்காது. அவசரப்பட்டு ஆழம் குறைத்து விட்டால் உதை சியருக்கு எட்டாது. 'டிக்' கேட்கும், 'டுமீல்' கேட்காது. உதைக்கும் கைக்கும் சியருக்கும் நடுவே ஒரு நூலிழை இடைவெளி விட வேண்டும். எல்லாம் அமைந்த பிறகு, குழாயின் வாலிலிருந்து கட்டையைத் துளைத்து அதே தகட்டில் இறங்கும் போல்ட்டை ஒரு சுற்று அதிகமாக முறுக்கினால் மரம் அமுங்கி, இடைவெளி காணாமல் போகும். மழையில் மரம் ஊதினாலும் தொல்லைதான்.

இரண்டு விசைகளுக்கும் நடுவே ஒரு குட்டித் திருகாணி இருக்கும். எவ்வளவு தொட்டால் வெடிக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. ஆசாரி அதைச் சரியாக வைத்துக் கொடுப்பார். வாங்கியவர் வீட்டுக்குப் போனதும் இன்னும் கொஞ்சம் லேசாக்கலாமே என்று திருகுவார். பூட்டும்போதே கொக்கி நிற்காமல் நழுவும். அடுத்த வாரம் துப்பாக்கி சரியில்லை என்று ஆசாரியிடமே வந்து சண்டை போடுவார்.

ஜேக்கப் 1849இல் காலராவில் இறந்தார். சாமுவேல் 1884 வரை வாழ்ந்து, தோட்டா பூட்டும் துப்பாக்கிகள் தன் தொழிலை விழுங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார். அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1933இல் அமெரிக்காவில் வாய்வழி நிரப்பும் ரைபிளுக்கென்றே ஒரு தேசியச் சங்கம் கிளம்பியது. 1972இல் ராபர்ட் ரெட்ஃபோர்ட் 'ஜெரிமையா ஜான்சன்' படத்தில் ஹாக்கென் ரைபிளைத் தூக்கிக்கொண்டு பனிமலையில் அலைந்ததும், அலுவலக வேலை பார்த்தவர்களெல்லாம் தோல் சட்டை தைத்துக்கொண்டார்கள். இன்றும் இண்டியானா மாநிலத்தில் ஃபிரெண்ட்ஷிப் என்ற கிராமத்தில் அந்தச் சங்கத்தார் கூடி, மருந்து இடித்து, பின் விசையை 'டிக்' என்று பூட்டி, காகிதத்தைப் பார்த்துச் சுடுகிறார்கள்.

குறுக்குவில் காலத்தில் தொடங்கி, நெம்பு சேர்த்து, சுருள் சேர்த்து, ஈ சேர்த்து, விரலின் குற்றங்களையெல்லாம் ஆசாரிகள் ஒவ்வொன்றாகக் களைந்துவிட்டார்கள். சுடுகிறவருக்குப் பழிபோட இப்போது விசையும் இல்லை, விரலும் இல்லை. அதனால்தான் குண்டு வட்டத்துக்கு வெளியே விழுந்ததும், எந்தத் தேசத்துக்காரராக இருந்தாலும், முதல் வேலையாகக் கொடிக்கம்பத்தை அண்ணாந்து பார்த்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பக்கத்து ஆளிடம் கேட்கிறார்.